கஞ்சா இல்லாமல் தூக்கமே வராதா?

கேள்வி: எனக்கு வயது 32. சூளகிரிப் பக்கம் ஊர். ஓசூரில் ஒரு கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர். வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட் மாறும். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தால் பகலில் கண்ணை மூடவே முடியாது. கூட வேலை செய்யும் ஒருவர் சொன்னதைக் கேட்டு, இரண்டு வருடமாகப் படுக்கும் முன் சிகரெட்டில் கஞ்சா கலந்து ஒன்று இழுக்கிறேன். மற்ற நேரத்தில் தொடமாட்டேன். போன கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டபோது நிறுத்தினேன். இரண்டாம் நாளிலிருந்து பொட்டுத் தூக்கம் இல்லை. அசந்தாலும் பயங்கரக் கனவு, வியர்வை, வீட்டில் எல்லார் மேலும் எரிச்சல். ஐந்தாம் நாள் தாங்காமல் மறுபடி இழுத்துவிட்டேன். அந்தக் குற்ற உணர்ச்சி இன்னும் போகவில்லை. கஞ்சா இல்லாமல் இனி எனக்குத் தூக்கமே வராதா? ஆன்லைனில் சட்டப்படி விற்கிறார்களே, 'விஜயா' எண்ணெய், அதற்கு மாறலாமா? அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் கேஸ் ஆகுமா?

பதில்: வரும். கஞ்சா இல்லாமல் உங்களுக்கு நிச்சயம் தூக்கம் வரும். மாலை போட்ட அந்த ஐந்து நாளில் உங்களுக்கு நடந்தது என்ன என்பது தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். அதனால் அதையே முதலில் சொல்கிறேன்.

கஞ்சாவில் போதை தரும் பொருள் டி.ஹெச்.சி. புதிதாகப் பிடிப்பவருக்கு அது தூக்கத்தைச் சீக்கிரம் வரவழைப்பது உண்மைதான். அந்த அனுபவம் பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அது வேறொரு வேலையும் செய்கிறது. இரவில் நாம் பல சுற்றுகளாகத் தூங்குகிறோம். ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும் கண்விழிகள் மூடிய இமைக்குள் வேகமாக உருளும், கனவு வரும் ஒரு கட்டம் உண்டு. மனதின் காயங்களை ஆற்றுவதிலும் நினைவுகளைச் சேர்த்து வைப்பதிலும் இந்தக் கட்டத்துக்குப் பங்கு இருக்கிறது. தொடர்ந்து கஞ்சா பிடித்தால் இந்தக் கட்டம் சுருங்குகிறது. தினமும் பிடிப்பவர்கள் பலர் "எனக்குக் கனவே வருவதில்லை டாக்டர்" என்பார்கள். உங்களுக்கும் இந்த இரண்டு வருடம் அப்படித்தான் போயிருக்கும், யோசித்துப் பாருங்கள்.

கூடவே மூளை அதற்குப் பழகிவிடும். ஆரம்பத்தில் இரண்டு இழுப்பில் வந்த தூக்கத்துக்குப் பிறகு முழு சிகரெட் வேண்டியிருக்கும். இந்த நிலையில் திடீரென்று நிறுத்தினால், அடக்கி வைத்திருந்த கனவுக் கட்டம் மொத்தமாகத் திரும்பி வரும். அதனால்தான் அந்தப் பயங்கரக் கனவுகள். வியர்வை, எரிச்சல், பசியின்மை, படபடப்பு எல்லாம் இதோடு சேர்ந்தவை. கஞ்சாவை நிறுத்தும்போது இப்படி உடல் திணறுவதை 2013-ல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் நோய்ப் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது. நிறுத்திய ஒன்றிரண்டு நாளில் இது தொடங்கும், முதல் வாரத்துக்குள் உச்சத்துக்குப் போகும், பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று வாரத்தில் தணியும். கனவும் தூக்கக் குறைவும் மட்டும் சிலருக்கு ஒரு மாதத்தைத் தாண்டியும் லேசாக இருக்கும்.

நீங்கள் மறுபடி எடுத்தது ஐந்தாம் நாள். மொத்தத்தில் மிகக் கடினமான நாட்கள் அவைதான். இன்னும் கொஞ்ச நாளில் இறங்கியிருக்க வேண்டிய அவதியை அதன் உச்சியில் வைத்துப் பார்த்துவிட்டு, "இதுதான் என் இயல்பு, கஞ்சாதான் எனக்கு மருந்து" என்று முடிவு கட்டியிருக்கிறீர்கள். நிறுத்தியதால் வந்த தூக்கமின்மை வேறு, உங்கள் பழைய தூக்கமின்மை வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அந்த ஐந்தாம் நாளுக்காக ஐயப்பனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளுங்கள், அது உங்கள் நம்பிக்கை. ஆனால் உங்கள் பக்தியில் குறை இருந்ததாக மட்டும் எண்ணிக் குமைய வேண்டாம். யாரும் சொல்லித்தராததால் உடலோடு தனியாகப் போராடியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். சிகரெட்டில் கலந்து பிடிக்கிறீர்கள். அந்தப் புகையிலையில் இருக்கும் நிக்கோட்டின் தூக்கத்தை விரட்டும் பொருள். நிறுத்திய நாட்களில் நிக்கோட்டினுக்கான ஏக்கமும் சேர்ந்துதான் உங்களைப் படுத்தியிருக்கும்.

இப்போது எண்ணெய் விஷயம். விஜயா என்ற பெயரில் வருபவை கஞ்சா இலையின் சாற்றிலிருந்து ஆயுர்வேத உரிமத்தின் கீழ் செய்யப்படுபவை. போதைப் பொருள் சட்டம் பூவும் காயும் உள்ள நுனிகளைத்தான் கஞ்சா என்கிறது. நுனி சேராத தனி இலை அந்த விளக்கத்தில் வராது. அந்த வழியாகத்தான் இவை விற்பனைக்கு வருகின்றன. ஆனால் இதே இலை மருந்துச் சட்ட விதிகளின் இ-1 பட்டியலில், நச்சுத்தன்மை உள்ள சரக்குகளின் வரிசையில் இருக்கிறது. அதைச் சேர்த்துச் செய்த மருந்தின் மேல் மருத்துவ மேற்பார்வையில்தான் உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை அச்சிட்டிருக்க வேண்டும். "முன்னோர் மருந்துதானே" என்பவர்களுக்கும் இதுதான் பதில். சித்தத்திலும் ஆயுர்வேதத்திலும் இதைச் சுத்தி செய்து, வேறு சரக்குகளோடு சேர்த்து, ஆளின் நாடியைப் பார்த்து அளவறிந்து கொடுத்தார்கள். வாட்ஸ்அப்பில் இரண்டு கேள்வி கேட்டுவிட்டுக் கூரியரில் அனுப்பும் பாட்டிலுக்கு அந்தப் பெருமை சேராது.

அந்த பாட்டிலில் என்ன இருக்கிறது என்பதும் கேள்விதான். கஞ்சாச் செடியில் இருக்கும், போதை தராத இன்னொரு பொருளான சி.பி.டி. மட்டும் உள்ளவை என்று அமெரிக்காவில் இணையத்தில் விற்றவற்றில் 84-ஐ வாங்கிச் சோதித்த ஆய்வு 2017-ல் வெளியானது. லேபிளில் போட்ட அளவு சரியாக இருந்தது 26-ல்தான். 18-ல் டி.ஹெச்.சி. இருந்தது. சி.பி.டி. தூக்கமின்மையைக் குணப்படுத்தும் என்பதற்கான சான்றும் இன்றுவரை பலவீனமாகவே இருக்கிறது. வலிப்பு மாத்திரையோ, ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரினோ சாப்பிடுகிறவர்களுக்கு சி.பி.டி. அந்த மருந்துகளின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும், அது ஆபத்து. நீங்கள் மாற வேண்டாம். புகையை விட்டு எண்ணெய்க்குப் போனால், 'எதையாவது எடுத்தால்தான் தூங்குவேன்' என்ற நம்பிக்கை அப்படியே நிற்கும். அதைத்தான் நாம் உடைக்க வேண்டும்.

குறட்டை விடுகிறீர்களா என்று வீட்டில் கேளுங்கள். பலமான குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறி எழுவது, எவ்வளவு தூங்கினாலும் பகலில் அசதி என்று இருந்தால் அது மூச்சுத்தடை நோயாக இருக்கலாம். அதற்குக் கஞ்சா மருந்தைப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2018-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாக லாரி ஓட்டும் டிரைவர்களில் சிலரும் ஓரமாக நிறுத்தித் தூங்கக் கஞ்சாவையே நாடுகிறார்கள். எழுந்தவுடன் தெளிந்துவிட்டதாகத் தோன்றும், ஆனால் கவனமும் கைவேகமும் முழுதாகத் திரும்பியிருக்காது. தொப்பூர் கணவாய் இறக்கம் அதை மன்னிக்காது. உங்கள் மெஷினுக்கும் இது பொருந்தும்.

சரி, எப்படி நிறுத்துவது? வேரில் இருப்பது ஷிஃப்ட். நம் உடலுக்குள் இருக்கும் கடிகாரம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான் நகரும். ஒரு வார நைட் ஷிஃப்டுக்கு அது பழகத் தொடங்கும்போதே அடுத்த ஷிஃப்ட் வந்துவிடுகிறது. ஆகவே நிறுத்தும் நாளை நைட் ஷிஃப்ட் வாரத்தில் வைக்காதீர்கள். மதியம் இரண்டு முதல் இரவு பத்து வரையிலான செகண்ட் ஷிஃப்ட் வாரம் தொடங்கும்போது நிறுத்துங்கள். நள்ளிரவுக்கு மேல் படுத்து எட்டு மணி வரை தூங்க அந்த ஷிஃப்ட்தான் இடம் கொடுக்கும். இரண்டாம் நாளிலிருந்து தூக்கம் கெடும், கனவு வரும் என்று மனைவியிடமோ அம்மாவிடமோ முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தினமும் குடிக்கும் பழக்கமும் இருந்தால் மட்டும் எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்; மதுவைத் திடீரென விட்டால் வலிப்பு வரலாம், அதை மருத்துவர் பார்வையில்தான் செய்ய வேண்டும். கஞ்சாவுக்குப் பதில் ஒரு குவாட்டர், அல்லது சீட்டு இல்லாமல் மெடிக்கலில் வாங்கும் தூக்க மாத்திரை, இரண்டும் வேண்டாம். அந்த மாத்திரைகளை விடுவது கஞ்சாவை விடுவதை விடக் கடினம்.

அந்த வாரங்களில் இப்படிச் செய்யுங்கள். தூக்கம் கண்ணைச் சொக்கினால் மட்டும் படுங்கள். இருபது நிமிடம் போல ஆகியும் வரவில்லை என்றால் எழுந்து வெளியே வந்து மங்கிய வெளிச்சத்தில் உட்காருங்கள், போன் மட்டும் வேண்டாம். சொக்கினால் திரும்பிப் போங்கள். எவ்வளவு குறைவாகத் தூங்கியிருந்தாலும் எழும் நேரத்தை மாற்றாதீர்கள். விட்டதைப் பிடிக்கிறேன் என்று பத்து மணி நேரம் படுக்கையில் புரண்டால் தூக்கம் துண்டு துண்டாகத்தான் வரும். நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்பாகக் கொடுக்க வேண்டிய சிகிச்சையின் சாரம் இதுதான். 2016-ல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் சங்கம் முதல் சிகிச்சையாகப் பரிந்துரைத்ததும் இந்தப் பயிற்சியைத்தான். கேட்கச் சாதாரணமாக இருக்கும். ஒழுங்காகச் செய்தவர்கள் பலன் அடைவதைப் பார்க்கிறேன்.

நைட் ஷிஃப்ட் வாரத்துக்கு வேறு ஏற்பாடு. டீயை ஷிஃப்டின் முதல் பாதியோடு முடித்துக்கொள்ளுங்கள். எட்டு மணிக்குப் படுக்கிறவர் இரவு இரண்டு மணிக்கு மேல் டீ குடிக்கக் கூடாது. குடித்த காஃபினில் பாதி இறங்கவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். காலையில் கம்பெனி பஸ் ஓசூரிலிருந்து சூளகிரிக்குக் கிழக்கு நோக்கி வரும்போது வெயில் நேரே முகத்தில் அடிக்கும். அந்த வெளிச்சம் மூளைக்கு 'விடிந்தது' என்று சொல்லிவிடும். கருப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், முன் சீட்டை விட்டுவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் களி வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் படுக்காதீர்கள். பாதி வயிறு போதும். ஷீட் போட்ட அறையில் படுத்தால் பதினொரு மணிக்கே அனல் இறங்கும், சித்திரை வைகாசியில் கேட்கவே வேண்டாம். தளம் போட்ட அறையோ, பெரியப்பா வீட்டுத் திண்ணை அறையோ கிடைத்தால் கேட்டு வாங்குங்கள். ஜன்னலுக்குக் கெட்டியான கருப்புத் துணி. ஒரு மணி வரைதான் தூக்கம் வந்தது என்றால் பரவாயில்லை. சாயங்காலம், ஷிஃப்டுக்குக் கிளம்பும் முன், ஒன்றரை மணி நேரம் தூக்கம் போட்டால் கணக்குச் சரியாகும். சூப்பர்வைசரிடம் இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள்: ஷிஃப்ட் மாறுவது காலை, மதியம், இரவு என்ற வரிசையில் போனால் உடல் எளிதாக ஏற்கும். தலைகீழாகப் போனால் சிரமம்.

போலீஸ் பயம் பற்றி. ஒரு கிலோவுக்குக் கீழே இருந்தால் கேஸ் இல்லை என்று சிலர் சொல்லித் திரிகிறார்கள், தவறு. ஒரு கிலோ வரை 'சிறிய அளவு' என்பதால் தண்டனை குறைவு, அவ்வளவே. அதற்கும் ஓராண்டு வரை சிறையோ பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. புகைத்ததற்குத் தனியாக ஆறு மாதம் வரை சிறை. ஆனால் இதே 1985-ஆம் ஆண்டுப் போதைப் பொருள் சட்டத்தில் 64-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. பழக்கத்துக்கு ஆளானவர் தானாக முன்வந்து, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மருத்துவமனையில் சிகிச்சை எடுத்து அதை முழுதாக முடித்தால், பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்குத் தொடரப்படுவதிலிருந்து அது விலக்கு அளிக்கிறது. நடுவில் விட்டால் அந்த விலக்குப் போய்விடலாம். உங்கள் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும் என்பது 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்களுக்குத் தரும் உரிமை. நாடு முழுவதும் எடுத்து 2019-ல் வெளியிட்ட அரசுக் கணக்கெடுப்பு, கஞ்சாப் பழக்கத்துக்கு உதவி தேவைப்படுபவர்கள் சுமார் 72 லட்சம் பேர் என்கிறது. ஓ.பி. வரிசையில் நீங்கள் தனி ஆள் இல்லை.

போலுப்பள்ளியில் உள்ள கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு உங்களுக்குப் பக்கம். தருமபுரிப் பக்கத்து வாசகர்களுக்கு தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் போதைப் பழக்கத்துக்கென்றே தனி மையம் உண்டு. அதுவும் ஓசூர் சாலையிலேயே இருப்பதால் பஸ் ஏறினால் போய்விடலாம். போகும் முன் பேச வேண்டும் என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, போதை மீட்பு உதவிக்கு 14446. இரண்டுக்கும் கட்டணம் கிடையாது.

யாரோ பேசும் குரல் காதில் கேட்பது, தன்னைப் பின்தொடர்கிறார்கள் என்ற சந்தேகம், செத்துவிடலாம் என்ற எண்ணம், இதில் எது வந்தாலும் காத்திருக்காமல் அன்றே போங்கள். வீட்டில் யாருக்காவது மனநோய் இருந்திருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். மற்றபடி ஒரு சிறு நோட்டில் இரண்டு வாரம் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்: என்ன ஷிஃப்ட், எத்தனை மணிக்குப் படுத்தது, எத்தனை மணிக்கு எழுந்தது, எத்தனை டீ, எத்தனை சிகரெட், அதில் எத்தனையில் கஞ்சா. அளவைக் குறைத்துச் சொல்லாதீர்கள். எந்த மருந்தை, எவ்வளவு நாளைக்குக் கொடுப்பது என்று மருத்துவர் முடிவு செய்வது அந்த எண்ணை வைத்துத்தான்.