ஒரு கறுப்புத் துணியும் அக்கம்பக்கத்துக் கோழிகளும்

அன்புள்ள சார்,

விதிகள் போட்டுக்கொண்டு படமெடுத்த டென்மார்க் இயக்குநர்களின் டாக்மே 95 இயக்கம் பற்றி நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, அதில் வந்த ‘ஃபெஸ்டென்’ படம் பார்க்க உட்கார்ந்தேன். அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. கேமரா ஆடிக்கொண்டே இருக்கிறது, பாதி முகங்கள் இருட்டில். எங்கள் வீட்டுக் கல்யாண வீடியோ இதைவிடத் தெளிவு. விதி போட்டுக்கொண்டு மோசமாக எடுத்ததை ஏன் கொண்டாட வேண்டும்? அந்த விதிகளையும் அவர்களே மீறினார்களாமே. வெறும் விளம்பரம் என்றுதான் தோன்றுகிறது. இல்லையென்றால் வேறு எதைப் பார்க்கலாம், சொல்லுங்கள்.

க., திண்டுக்கல்

அன்புள்ள க.,

விளம்பரமும்தான், மறுக்கவில்லை. 1995 மார்ச்சில் பாரிஸ் ஓடியோன் அரங்கில் சினிமாவின் நூற்றாண்டை ஒட்டி ஒரு கூட்டம். பேச வந்த இயக்குநர் லார்ஸ் வான் ட்ரியர் டாக்மே அறிக்கையை வாசித்துவிட்டு, சிவப்புத் துண்டறிக்கைகளைக் கூட்டத்தின் மேல் வீசினார். அவரும் ‘ஃபெஸ்டென்’ எடுத்த தாமஸ் வின்டர்பெர்க்கும் எழுதிய பத்து விதிகளுக்குக் ‘கற்புச் சபதம்’ என்று பெயர். இயக்குநர் பெயர் திரையில் வரக்கூடாது என்பது பத்தாவது விதி. கடைசியில் உலகமெல்லாம் தெரிந்துகொண்டது அந்த இயக்குநர்களின் பெயரைத்தான்!

ஆனால் கேமராவைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். கையில் பிடித்த கேமரா என்பது மூன்றாவது விதி. என்னைக் கேட்டால் ஆணிவேர் இரண்டாவது விதி: ஒலியையும் காட்சியையும் தனித்தனியே உருவாக்கக்கூடாது. டப்பிங் கிடையாது. எடுக்கும் இடத்தில் ஒலிக்காத இசைக்குப் படத்திலும் இடமில்லை. எடிட்டிங்கில் இது என்ன பாடு படுத்தும் என்று யோசித்துப் பாருங்கள். ஒருவர் பேசும் குரலை ஓடவிட்டு, வேறு நேரத்தில் எடுத்த இன்னொருவர் முகத்தை அதன்மேல் வைக்க முடியாது. காட்சியை வெட்டினால் ஒலியும் சேர்ந்து அறுபடும். பேசுகிறவரையும் கேட்கிறவரையும் ஒரே மூச்சில் பிடிக்கவேண்டிய கட்டாயத்தில்தான் கேமரா அப்படி அலைகிறது. உங்கள் தலைவலிக்குப் பாதிக் காரணம் மைக்.

நீங்கள் இன்னும் சில நிமிடம் பொறுத்திருக்கலாம். அப்பாவுக்கு அறுபதாவது பிறந்தநாள், மாளிகை நிறைய உறவுக்கூட்டம். மூத்த மகன் கிறிஸ்டியன் கோப்பையைத் தட்டிவிட்டு எழுகிறான். கையில் பச்சைத் தாளில் ஒரு உரை, மஞ்சள் தாளில் ஒன்று. எது வேண்டும் என்று அப்பாவையே கேட்கிறான். அவர் பச்சையைச் சொல்கிறார். பழைய வீட்டு நினைவு ஒன்றைச் சொல்கிற அதே சாதாரணக் குரலில், தன்னையும் இறந்துபோன தன் இரட்டைச் சகோதரியையும் சிறு வயதில் அப்பா பாலியல் வன்முறைக்கு ஆளாக்கியதைச் சொல்கிறான். சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறான்.

இந்த இடத்தில் வயலின் இல்லை, இடி இல்லை. நாற்காலி நகரும் சத்தம், யாரோ செருமுவது, அப்புறம் விருந்து தொடர்கிறது. அதிர்ச்சி அடையச் சொல்லி நமக்கு யாரும் சைகை காட்டுவதில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் நாமும் அந்த மேசையில் ஒரு விருந்தாளியாகிவிடுகிறோம். ஒளிப்பதிவாளர் அந்தோனி டாட் மேன்டில் இதை எடுத்தது கடையில் வாங்கக்கூடிய ஒரு சின்ன டிஜிட்டல் ஹேண்டிகேமில். 1998 கான் விழாவில் நடுவர் பரிசு பெற்றது.

மீறல்களுக்கு வருவோம். அதை யாரும் கண்டுபிடிக்கவில்லை, அவர்களே எழுதிக்கொடுத்தார்கள். பாவமன்னிப்பு மாதிரி ஒரு வாக்குமூலம். ஒரு ஷாட்டில் ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடினேன், இது வெளிப்பொருளைக் கொண்டுவந்த குற்றம், வெளிச்சத்தைத் திருத்திய குற்றமும்கூட என்கிறார் வின்டர்பெர்க். ‘மிஃபுனே’ எடுத்த சோரன் கிராக்-யாகொப்சன், அக்கம்பக்கத்துக் கோழிகளைப் படப்பிடிப்பு இடத்துக்கு ஓட்டி வந்ததை ஒப்புக்கொள்கிறார். இதில் கேலி இருக்கிறது, சரி. ஆனால் ஒரு துணியை மாட்டியதற்கே கணக்கு எழுதுகிறவன் அந்த ஒரு ஷாட்டை எவ்வளவு யோசித்திருப்பான்! எனக்கு அந்தப் படங்களைவிட இந்த வாக்குமூலங்கள் மேல் பிரியம் அதிகம் என்றுகூடச் சொல்வேன்.

என்ன பார்க்கலாம்? தலைவலி பயம் இருந்தால் லோன் ஷெர்ஃபிக்கின் ‘இத்தாலியன் ஃபார் பிகினர்ஸ்’ படத்தில் தொடங்குங்கள். மாலை நேர இத்தாலிய வகுப்பு, பாதியில் செத்துப்போகும் ஆசிரியர், ஒரு இளம் பாதிரியார், கையில் எடுத்ததையெல்லாம் கீழே போடும் ஒரு பேக்கரிப் பெண். காதல் நகைச்சுவை என்பதால் காதல், திகில் என்று முத்திரை குத்தக்கூடிய ‘வகைப் படம் கூடாது’ என்ற விதியோடு உரசுகிறது, யாரும் கண்டுகொள்ளவில்லை. ஒரு விபத்து இரண்டு ஜோடிகளைக் கலைத்துப்போடும் கதை வேண்டுமானால் சுசான் பியரின் ‘ஓப்பன் ஹார்ட்ஸ்’. ‘தி கிங் இஸ் அலைவ்’ எனக்குப் பிடிக்கவில்லை. பாலைவனத்தில் மாட்டிக்கொண்டவர்கள் ஷேக்ஸ்பியரின் லியர் அரசன் நாடகத்தை நடிக்கிறார்கள் என்பது சொல்லும்போது இருக்கும் ருசி பார்க்கும்போது இல்லை.

வான் ட்ரியரின் ‘தி இடியட்ஸ்’ படத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மனவளர்ச்சி குன்றியவர்களைப் போல நடித்து ஊரைச் சீண்டும் ஒரு கும்பல். எரிச்சலூட்டும், இடையில் எழுந்து போகத் தோன்றும். போகாதீர்கள். அந்தக் கும்பலோடு சேர்ந்துகொண்ட கரேன் என்ற பெண் தன் வீட்டுக்குத் திரும்பிப்போகும் அந்தக் கடைசிக் காட்சிக்காகத்தான் மற்ற எல்லாமே.

அதற்கு முன் ஃபெஸ்டெனை விட்ட இடத்திலிருந்து, இந்த முறை ஹெட்போன் மாட்டிக்கொண்டு தொடருங்கள். அந்தப் பேச்சுக்குக் கொஞ்ச நேரம் கழித்து, யாரும் கிளம்பிப்போக முடியாதபடி சமையலறை ஆட்கள் விருந்தினர்களின் கார் சாவிகளை எடுத்து ஒளித்துவிடுவார்கள்.