மாதாமாதம் அலைன்மென்ட் பார்த்தும் டயர் ஒரு பக்கம் தேய்வது ஏன்?

கேள்வி: கொல்லிமலையில் மிளகு, காப்பித் தோட்டம் வைத்திருக்கிறேன். வண்டி ஐசுஸூ டி-மேக்ஸ் வி-கிராஸ். வாரத்துக்கு மூன்று நாலு தடவையாவது அடிவாரத்திலிருந்து மேலே போவேன். தார் ரோடு முடிந்த பிறகு தோட்டம் வரை பாறையும் பள்ளமுமான தடம்தான். அடி தட்டாமல் இருக்க முன்பக்கம் ஸ்பேஸர் வைத்து இரண்டு இன்ச் தூக்கியிருக்கிறேன். மாதாமாதம் அலைன்மென்ட் பார்த்தும் வண்டி இடது பக்கம் இழுக்கிறது. இடது முன் டயரின் வெளி ஓரம் வழுக்கையாகிவிட்டது. கேட்டால் ‘மலையில் ஓட்டினால் அப்படித்தான்’ என்கிறார் மெக்கானிக். அலைன்மென்ட் கலையாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

பதில்: மாதாமாதம் பார்க்க வேண்டியிருக்கிறது என்றால், எங்கேயோ ஒரு பாகம் வளைந்திருக்கிறது, அல்லது தேய்ந்திருக்கிறது, அல்லது நழுவிக்கொண்டிருக்கிறது. நல்ல நிலையில் உள்ள சஸ்பென்ஷன் கரட்டுத் தடத்தில் ஓடினாலும் அவ்வளவு சீக்கிரம் சக்கரங்களின் கோணம் மாறாது. கெட்டுப்போன பாகத்தை அப்படியே வைத்துக்கொண்டு டை ராடை (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) திருகி, கம்ப்யூட்டர் திரையில் எண்களைப் பச்சைக்குக் கொண்டுவந்தால், அடுத்த பாறையில் ஏறி இறங்கியதும் மறுபடி கலையத்தான் செய்யும். நகர்ந்தது எது என்று கண்டுபிடிப்பது முதல் வேலை. திருகுவதெல்லாம் அப்புறம்.

உங்கள் மெக்கானிக் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அத்தனையிலும் ஸ்டீயரிங்கை ஒடித்து ஒடித்துத் திரும்பும்போது முன் டயர்களின் வெளித்தோள் தேயும். அலைன்மென்ட் அச்சு மாறாமல் இருந்தாலும் தேயும். ஆனால் வளைவுகள் இடமும் வலமுமாக மாறி மாறி வருகின்றன. அதனால் வரும் தேய்மானம் இரண்டு டயரிலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்க வேண்டும். இடது டயர் மட்டும் வழுக்கையானதற்கு வளைவுகள் மேல் பழி போட முடியாது.

நம் ஊரில் இடது சக்கரம்தான் அதிகம் அடிவாங்குகிறது. எதிரே பஸ் வந்தால் நாம் ஒதுங்குவது இடது பக்கம். தார் விளிம்பிலிருந்து சரிந்து இறங்குவதும், ஓரக் கல்லில் உரசுவதும், வடிகாலில் விழுவதும் அந்தச் சக்கரம்தான். அதனால் சோதனையை அங்கிருந்து தொடங்குங்கள்.

அதற்கு முன் இழுப்பு உண்மையான இழுப்புதானா என்று தெரிந்துகொள்ள வேண்டும். தார் ரோடு நடுவில் மேடாக, ஓரத்தில் தாழ்வாகப் போட்டிருப்பார்கள், மழைத்தண்ணீர் வடிய. இடது ஓரத்தில் ஓடும் எந்த வண்டியும் மெல்ல இடது பக்கம் சாயும். அதைக் கோளாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சமதளமான, ஆளில்லாத இடத்தில் ஓட்டிப் பாருங்கள். அங்கேயும் இழுத்தால், காற்றைச் சமமாக வைத்துவிட்டு முன் டயர் இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள் (ஒரே திசையில் மட்டும் சுழல வேண்டிய டயராக இல்லாவிட்டால்). இழுப்பு வலது பக்கம் மாறினால் குற்றவாளி டயர். அப்படியே இடது பக்கமே இழுத்தால் சஸ்பென்ஷன் அல்லது பிரேக். ஓட்டி நிறுத்தியதும் இடது சக்கரம் மட்டும் அனலாக இருந்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இனி அந்தத் தேய்ந்த டயரையே கேளுங்கள். உள்ளங்கையை டயரின் குறுக்கே, உள் ஓரத்திலிருந்து வெளி ஓரத்துக்கு இழுங்கள். பிறகு வெளியிலிருந்து உள்ளே. வெளிப்பக்கமாக இழுக்கும்போது ரம்பப்பல் போல் விரலைப் பிடித்து, உள்பக்கமாக இழுக்கும்போது வழவழவென்று போனால் டோ-இன் அதிகம். சக்கரங்களின் முன்பக்கம் அளவுக்கு மேல் உள்ளே திரும்பியிருக்கிறது. இரண்டு பக்கமும் வழவழப்பாக, வெளி ஓரம் மட்டும் சாய்வாகச் சீவினாற்போல் இருந்தால் கேம்பர். சக்கரத்தின் தலை வெளியே சாய்ந்திருக்கிறது. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், அதாவது ஒரு டயர் மட்டும் தேய்வதும் அதே பக்கம் இழுப்பதும் சேர்ந்து வருவதைப் பார்த்தால், எனக்கு கேம்பர் மேல்தான் சந்தேகம். கேம்பர் எந்தப் பக்கம் வெளியே அதிகம் சாய்கிறதோ, வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். டோ தவறினால் தேய்மானம் வழக்கமாக இரண்டு சக்கரத்துக்கும் பங்காகப் போய்விடும், இழுப்பு அவ்வளவாக இருக்காது.

உங்கள் வண்டியில் முன்பக்கம், சக்கரத்தைப் பிடித்திருக்க மேலும் கீழும் இரண்டு கைகள் (ஆர்ம்) உள்ள டபுள் விஷ்போன். கீழ்க் கை சட்டத்தில் சேரும் இடத்தில் கேம் போல்ட் இருக்கும். அதன் தலையிலுள்ள வாஷர் மையம் விலகிய வட்டம். திருப்பினால் கை உள்ளே வெளியே நகரும், கேம்பரும் காஸ்டரும் (பக்கவாட்டில் பார்க்கும்போது, சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம்) மாறும். சக்கரம் பாறையில் பக்கவாட்டில் மோதும்போது இந்தப் போல்ட் கொஞ்சம் தளர்வாக இருந்தால் போதும், ஒரு கோடளவு நழுவிவிடும். மாதாமாதம் சரிசெய்து மாதாமாதம் கலைவதற்கு நான் முதலில் பார்ப்பது இதைத்தான். இதைப் பிடிக்க மெஷின் வேண்டாம். அலைன்மென்ட் முடிந்த அன்றே ஒவ்வொரு கேம் வாஷரின் மேலும் பக்கத்துச் சட்டத்தின் மேலும் சேர்த்து வெள்ளை பெயின்டில் ஒரே கோடு இழுத்து வையுங்கள். டை ராட் லாக் நட்டுக்கும் ஒரு கோடு. தோட்டத்துக்குப் போய்வந்து குனிந்து பார்த்தால், கோடு இரண்டாக உடைந்திருக்கும் இடத்தில் திருடன் நிற்பான்.

கேம் போல்ட்டை இறுக்கும் விதத்தில் பல கடைகளில் ஒரு தவறு நடக்கிறது. வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையிலேயே போல்ட்டை முழுவதும் முறுக்கிவிடுவார்கள். கை சட்டத்தில் சேரும் இடத்திலுள்ள ரப்பர் புஷ் அந்தத் தொங்கும் நிலையில் சிக்கிக்கொள்ளும். வண்டியை இறக்கியதும் முறுக்கிக்கொண்டே இருக்கும். ஓரிரு மாதத்தில் கிழிந்து, கீழ்க் கை ஆட ஆரம்பிக்கும். கடைசி இறுக்கம் சக்கரம் தரையில் நிற்கும்போது, வழக்கமான பளுவோடு, டார்க் ரெஞ்சில், கம்பெனி சொன்ன அளவுக்கு. உங்கள் இடது பக்கப் புஷ்ஷைக் கடப்பாறை வைத்து மெல்ல நெம்பிப் பார்க்கச் சொல்லுங்கள். ரப்பரில் வெடிப்பு விரிந்தாலே மாற்ற வேண்டியதுதான்.

அடுத்தது பால் ஜாயின்ட், அதாவது கையையும் சக்கரப் பகுதியையும் இணைக்கும் உருண்டை மூட்டு. வண்டியை உறுதியான ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தின் தலையையும் அடியையும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பால் ஜாயின்ட் அல்லது வீல் பேரிங். இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால் டை ராட் எண்டு அல்லது ஸ்டீயரிங் ராக்.

டை ராட் வளைந்திருந்தால் நிமிர்த்தவே கூடாது. சூடுகாட்டிச் சுத்தியலால் அடித்து நேராக்கித் தரும் இடங்கள் உண்டு. அந்த ராட் அடுத்த தடவை அதே இடத்தில் வளையும், அல்லது இறக்கத்தில் உடையும். பாறையில் மோதிய பிறகு நேராக ஓடும்போது ஸ்டீயரிங் ஒரு பக்கம் திரும்பி நின்றால் டை ராட் வளைந்திருக்க வாய்ப்பு அதிகம். அலைன்மென்ட் கடையில் அதைக் கவனிக்காமல் நீளத்தைத் திருகிச் சமன் செய்துவிட்டால் வளைவு மறைந்துபோகும். வலு திரும்ப வராது.

டோவை நீங்களே அளக்கலாம். முன் சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிக்கொண்டே ஒரு ஆணியால் டயரின் நடுவில் சுற்றிலும் மெல்லிய கோடு கீறுங்கள். இரண்டு சக்கரத்துக்கும் செய்துவிட்டு வண்டியை இறக்கி, ஸ்டீயரிங்கை நேராக வைத்து, சில அடி முன்னே தள்ளி சஸ்பென்ஷனை இயல்பாக உட்கார விடுங்கள். இரண்டு கோடுகளுக்கும் இடையே, சக்கரத்தின் மைய உயரத்தில், டயரின் பின்பக்கம் ஒரு அளவு எடுங்கள். அந்த இடத்தைச் சாக்பீஸால் குறியுங்கள். குறி முன்பக்கம் வரும்வரை வண்டியை முன்னே தள்ளி மறுபடி அளந்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் டோ. முன்னளவு குறைந்தால் டோ-இன். இரண்டு மூன்று மி.மீ. என்ன செய்துவிடும் என்று தோன்றும். உங்கள் டயரின் குறுக்களவு சுமார் 760 மி.மீ. மொத்த டோ இருக்க வேண்டியதிலிருந்து 3 மி.மீ. விலகினால், ஒவ்வொரு முன் டயரும் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 2 மீட்டர் தூரம் பக்கவாட்டில் தரையில் இழுபடுகிறது. 10 மி.மீ. விலகினால் ஆறரை மீட்டர்.

பின்பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. உங்கள் வண்டிக்குப் பின்னால் பட்டை ஸ்பிரிங். யூ போல்ட் தளர்ந்து, பட்டைகளைக் கோத்திருக்கும் சென்டர் போல்ட் உடைந்துவிட்டால் பின் ஆக்ஸில் ஒரு பக்கம் முன்னோ பின்னோ நகர்ந்துவிடும். அப்புறம் முன்பக்கம் எவ்வளவு திருகினாலும் வண்டி நண்டு மாதிரி ஒருச்சாய்த்துத்தான் ஓடும். முன் சக்கரம் நேராக இருக்கும்போது இடது பக்க ஹப் மையத்திலிருந்து ஹப் மையம் வரை டேப் பிடித்து அளந்து, வலது பக்கத்தோடு ஒப்பிடுங்கள். இதற்குப் பத்து நிமிடம்கூட ஆகாது.

ஓட்டும் விதத்தில் மாற்ற வேண்டியது அதிகமில்லை, ஆனால் ஒன்று மட்டும் கட்டாயம்: சக்கரம் இரண்டு கல்லுக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருக்கும்போது ஸ்டீயரிங்கை வலுக்கட்டாயமாகத் திருப்பாதீர்கள். பவர் ஸ்டீயரிங் இருப்பதால் கைக்குப் பாரம் தெரியாது. அத்தனை பாரமும் டை ராடில் இறங்கும். கொஞ்சம் பின்னே எடுத்து, சக்கரம் உருளும்போது திருப்புங்கள். முழுவதும் ஒடித்த நிலையில் ஆக்ஸிலேட்டரை மிதித்துப் படி ஏறுவதும் அதே கெடுதல்தான். பள்ளத்தில் இறங்கும் கணத்தில் பிரேக்கை விட்டுவிடுங்கள். பிரேக் பிடித்தபடி விழுந்தால் முன்பக்கம் ஏற்கெனவே அமுங்கியிருக்கும், அடி நேராக ஆர்மில் விழும். ஃபோர் லோவில் (நாலு சக்கரமும் இழுக்கும் குறைவேக கியர்) மெதுவாகப் போனால் பாதி பிரச்சினை வராது. பாரம் இல்லாத நாளில் கரட்டுத் தடத்தில் காற்றை 24, 25 பி.எஸ்.ஐ.க்கு இறக்கலாம், டயரே பாதி அடியை வாங்கிக்கொள்ளும். மூட்டை ஏற்றிய நாளில் வேண்டாம். தார் ரோட்டில் ஏறும் முன் திரும்ப அடித்துவிட வேண்டும் என்பதால் வண்டியில் சின்ன கம்ப்ரஸர் இருக்கட்டும்.

பாகங்களை மாற்றிய பிறகு கடைக்குப் போகும்போது, வழக்கமாக ஏற்றும் பளுவோடும் சரியான காற்றோடும் போங்கள். சரிசெய்வதற்கு முன்பும் பின்பும் எடுத்த பிரின்ட் இரண்டையும் கேட்டு வாங்குங்கள். பல இடங்களில் டோவை மட்டும் வைத்து அனுப்பிவிடுவார்கள். காஸ்டர் அளக்க ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் குறிப்பிட்ட கோணம் வரை திருப்பிக் காட்ட வேண்டும். அதைச் செய்யவே இல்லை என்றால் காஸ்டர் பார்க்கவில்லை. முதலில் காஸ்டர், கேம்பர், கடைசியில் டோ. முறை மாறினால் முன்பு வைத்தது கலைந்துவிடும். அதன்பின் 10,000 கி.மீ.க்கு ஒருமுறை, அல்லது பலமாக அடிபட்ட மறுநாள் பார்த்தால் போதும். டயரை இடம் மாற்றுவதையும் அப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள், கொண்டை ஊசித் தேய்மானத்துக்கு வேறு மருந்து இல்லை.

ஸ்பேஸர் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதைச் சொல்லாமல் விட முடியாது. முன்பக்கம் தூக்கினால் கைகள் கீழ்நோக்கிச் சரியும். கேம்பர் வெளியே போகும், காஸ்டர் குறையும். திருப்பிய ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வர மறுத்தால் காஸ்டர் குறைந்திருக்கிறது. டை ராடும் சரிவதால் குழியில் ஏறி இறங்கும்போதெல்லாம் டோ கூடுதலாக மாறும். இதையெல்லாம் ஈடுகட்டக் கேம் போல்ட்டைக் கடைசி வரை திருப்பியிருப்பார்கள். இனி சரிசெய்ய இடமே இருக்காது. உங்கள் பிரின்ட்டில் இடது கேம்பரோ காஸ்டரோ திருகியும் அளவுக்குள் வரவில்லை என்றால் இரண்டே வழி: தூக்கிய உயரத்துக்கென்று செய்த மேல் ஆர்ம் போடுங்கள், அல்லது ஸ்பேஸரைக் கழற்றுங்கள். காப்பி மூட்டை இறக்கும் வண்டிக்கு நானாக இருந்தால் கழற்றிவிட்டு, அந்தக் காசில் அடியில் பாறை தட்டாமல் காக்கும் நல்ல ஸ்கிட் பிளேட் (காப்புத் தகடு) மாட்டுவேன்.