பங்க் இருந்த மனைக்குப் பக்கத்துல இடம் வாங்குறேன், போர் தண்ணி ரிப்போர்ட் ஓகேன்னா போதுமா?

கேட்டிருக்கிற அண்ணன் கடலூர்ல, முன்னாடி பெட்ரோல் பங்க் ஓடின மனைய ஒட்டி பிளாட் பாத்திருக்காரு, விக்கிறவரு காட்டின போர் தண்ணி ரிப்போர்ட்ல டிடிஎஸ், பிஹெச் எல்லாம் சரியா இருக்காம். அண்ணே, அந்த ரிப்போர்ட்ட மடிச்சு உள்ள வெச்சுடுங்க. டிடிஎஸ் மீட்டர் பாக்குறது உப்பைத்தான், பெட்ரோல் கலந்திருந்தா அதுக்குத் தெரியவே தெரியாது. பெட்ரோல்ல இருக்கிற விஷமான பென்சீன், குடிதண்ணில லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் தாண்டக்கூடாதுங்கிறது உலக சுகாதார நிறுவனம் சொல்ற அளவு, அவ்ளோ கொஞ்சமா இருந்தா வாசனையும் வராது, ருசியும் மாறாது.

நான் பாண்டில ஒரு லேபுக்கு சாம்பிள் எடுக்கப் போயிட்டு இருந்தவன். பாண்டில பெட்ரோல் விலை கம்மி, அதனால முள்ளோடை, கன்னியக்கோயில் பக்கம் பங்குக்கு பஞ்சமே இல்ல, எனக்கும் வேலைக்கு பஞ்சம் இல்ல. சேந்த புதுசுல ஒரு வீட்டு போர் தண்ணிய சாதா தண்ணி பாட்டில்ல முக்கா வாசி புடிச்சு, பைக் டிக்கில போட்டு, மத்தியான வெயில்ல குலுங்க குலுங்க கொண்டு போனேன், ரிசல்ட்ல ஒண்ணுமே இல்ல. லேப் அக்கா பாட்டில பாத்துட்டு, "இருந்ததெல்லாம் காத்துல விட்டுட்டு வெறும் தண்ணிய கொண்டாந்திருக்கியே தம்பி"ன்னாங்க.

பென்சீன் மாதிரி ஆவியாப் பறக்குறத புடிக்கிறதுக்குன்னே 40 மில்லி கண்ணாடி குப்பி இருக்கு, உள்ள சொட்டு ஆசிட் போட்டே குடுப்பாங்க, அதனால கழுவக்கூடாது, வழிய விடவும் கூடாது. சின்டெக்ஸ் டேங்க் தண்ணி வேணாம், போர்லருந்து நேரா வர்ற குழாய்ல மோட்டார கொஞ்ச நேரம் ஓட விட்டு, அப்பறம் குழாய நூல் மாதிரி சன்னமா வெச்சு, குப்பி வாய்ல தண்ணி குமிழா நிக்கிற வரைக்கும் புடிச்சு மூடி, கவுத்துத் தட்டிப் பாக்கணும், ஒரு காத்துக் குமிழி ஏறினாலும் அத தூக்கிப் போட்டுட்டு வேற குப்பி. அப்பறம் ஐஸ் பாக்ஸ். லேப்ல போய் "வாட்டர் டெஸ்ட்"னு பொதுவா சொல்லாதீங்க, பிடெக்ஸ் (பென்சீன், டொலுவீன், எத்தில்பென்சீன், சைலீன்), டிபிஹெச் (மொத்த பெட்ரோலிய எண்ணெய் அளவு) ரெண்டும் வேணும்னு சொல்லுங்க, லேபுக்கு என்ஏபிஎல் (லேப்களுக்கு தரச் சான்று குடுக்குற அமைப்பு) அங்கீகாரம் இருந்தா மட்டும் பத்தாது, இந்த டெஸ்ட் அவங்க ஸ்கோப்ல, அதாவது அங்கீகாரம் வாங்கின டெஸ்ட் பட்டியல்ல இருக்கான்னும் பாக்கணும்.

இன்னொரு சிக்கல், பெட்ரோல் தண்ணிய விட லேசு, நிலத்தடி தண்ணி மேல மிதக்கும். போர் மோட்டார் ஆழத்துல இருந்து இழுக்கும், மேல மிதக்குறது அதுல வராமலே போகலாம். அதனால தண்ணி மட்டத்த ஒட்டி ஓட்டை வெச்ச பைப் போட்டு தனியா ஒரு சின்ன கிணறு இறக்குறதுதான் முறை, அதையும் பங்கோட பழைய பெட்ரோல் டேங்குக்கு அப்பால, நிலத்தடி தண்ணி ஓடுற திசைல போடணும், நம்ம ஊர்ல பெரும்பாலும் அது கடல் பக்கம்.

மண்ணுக்கும் இதே கததான், மேல் மண்ண ஒரு பிடி அள்ளிக் குடுத்தா காசுதான் வேஸ்ட். கசிவு இருந்தா டேங்க் அடிமட்டத்துலயும் அதுக்குக் கீழயும்தான் இருக்கும். ஐப்பசி கார்த்திகை மழைல தண்ணி ஏறும், சித்திரைல இறங்கும், மிதக்குற எண்ணெயும் கூடவே ஏறி இறங்கி நடுவுல உள்ள மண்ணுல பூசிக்கும். கை ஆகர் (கையால திருகி மண்ணத் தோண்டி எடுக்குற துளைக்கருவி) போட்டு எடுத்தா அந்த இடத்துல மண்ணு சாம்பலும் பச்சையுமா மாறியிருக்கும், அங்க எடுங்க. வாசனை புடிச்சுப் பாக்காதீங்க, பெட்ரோல் ஆவிய அளக்க தனி மீட்டர் இருக்கு.

பக்கத்துல தொறந்த கிணறு இருந்து, மேல வானவில் கலர்ல படலம் தெரிஞ்சா உடனே பயப்பட வேணாம், இரும்புச் சத்துள்ள தண்ணிலயும் அப்படித்தான் தெரியும். ஒரு குச்சிய விட்டுக் கலைங்க. கண்ணாடி மாதிரி சில்லு சில்லா உடைஞ்சு தனித்தனியா நின்னா இரும்பு பாக்டீரியா, விலகி திரும்ப ஒண்ணா சேந்துக்கிச்சுன்னா எண்ணெய். ரெண்டாவது மாதிரி இருந்தா டெஸ்ட் முடியுற வரைக்கும் அட்வான்ஸ் குடுக்காதீங்க.