மிக்ஸி சத்தமும் தட்டுச் சத்தமும்

வணக்கம். என் மகனுக்கு ஆறு வயது. ஆட்டிசம் என்று போன வருடம் உறுதி செய்தார்கள். மிக்ஸி போட்டால் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறான். அதே பையன் எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் அடித்து அடித்துச் சிரிக்கிறான். "அப்போது மட்டும் காது வலிக்காதாக்கும், எல்லாம் அடம்" என்கிறார் மாமியார். பழகட்டும் என்று பக்கத்தில் நிறுத்தி வைத்து மிக்ஸி ஓட்டலாமா? ஹெட்போன் வாங்கலாமா?

ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் மாமியாருக்குக் கூர்மையான கண். ஆட்டிசத்தை முதலில் விவரித்தவர்களில் ஒருவரான லியோ கன்னரும் 1943இல் இதையேதான் எழுதினார். அமெரிக்காவின் பால்டிமோரில் அவர் பார்த்த 11 குழந்தைகளில் சிலர் லிஃப்ட், வாக்குவம் கிளீனர், முட்டை அடிக்கும் கருவி ஆகியவற்றின் சத்தத்துக்கு நடுங்கினார்கள். அதே அளவு சத்தத்தைத் தாங்களே எழுப்பி மகிழ்ந்தார்கள். அடம் என்று அவர் சொல்லவில்லை.

நாமே எழுப்பும் சத்தம் எப்போது வரும், எப்போது நிற்கும் என்று மூளைக்கு முன்பே தெரியும். அதனால் அதை அடக்கி வாங்கிக்கொள்ளும். மிக்ஸி சத்தம் அப்படி இல்லை, எப்போது வேண்டுமானாலும் திடீரென்று கிளம்பும். மற்றவர்களுக்கு இரண்டாவது சுற்றிலேயே அது பின்னணிக்குப் போய்விடும். புலன் கூச்சம் அதிகமுள்ள ஆட்டிசக் குழந்தைகளின் மூளையைப் படம் எடுத்துப் பார்த்த ஆய்வுகளில், திரும்பத் திரும்ப வரும் சத்தத்துக்கு அபாய உணர்வோடு தொடர்புள்ள அமிக்டலா என்ற மூளைப் பகுதி மற்றவர்களுக்குத் தணிவதுபோலத் தணியவில்லை. பத்தாவது சுற்றும் அவனுக்கு முதல் சுற்றுதான். ஆகவே பக்கத்தில் நிறுத்தி வைத்துப் பழக்காதீர்கள், பயம்தான் பழகும்.

சுவிட்சை அவன் கையில் கொடுங்கள். முதலில் காலி ஜார், மிகக் குறைந்த வேகம், ஒரே விநாடி. போடுவதும் அணைப்பதும் அவனே. விரும்பாவிட்டால் நீங்கள் போடுங்கள். அவன் காதைப் பொத்தாமல் நிற்கக்கூடிய தூரத்தில் இருக்கட்டும், அது பக்கத்து அறையானாலும் சரி. "மூன்று, இரண்டு, ஒன்று" என்று எண்ணிவிட்டுப் போடுங்கள். அவன் பதறுவதற்கு முன்பே நிறுத்த வேண்டும், பதறிய பிறகு அல்ல. மறுநாள் அரை அடி நெருங்கலாம், நெருங்காமலும் இருக்கலாம். மிக்ஸிக்கு அடியில் தடித்த ரப்பர் மேட் போட்டால் மேடை அதிர்வது குறையும். காற்று வழியை மறைத்துத் துணி சுற்றாதீர்கள், மோட்டார் சூடாகிவிடும்.

ஹெட்போன் வாங்குவதானால், தொழிற்சாலைகளில் போடுவது போன்ற காதுக்கவசத்தில் குழந்தைகள் அளவு கிடைக்கும். 20 முதல் 30 டெசிபல் குறைக்கும். பேட்டரியில் ஓடும் இரைச்சல் நீக்கி ஹெட்போன் பஸ் இன்ஜின் போன்ற சீரான உறுமலுக்கு நல்லது, குக்கர் விசிலுக்கு அவ்வளவாக உதவாது. பஞ்சு பெரிதாகத் தடுக்காது. எதுவானாலும் சத்தம் நின்றதும் கழற்றிவிடுங்கள். நாள் முழுக்கப் போட்டால், குறைந்துபோன ஒலியை ஈடுகட்ட மூளை தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்ளும். பிறகு ஃபேன் சத்தமும் தாங்காமல் போகலாம்.

அலற ஆரம்பித்துவிட்டால் "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல" என்று கூடப் பேசாதீர்கள். உங்கள் குரலும் அந்த நேரத்தில் இன்னொரு சத்தம்தான். காதைப் பொத்திய கையை இழுக்க வேண்டாம். மிக்ஸியை அணைத்துவிட்டு அமைதியான அறைக்கு வழிவிடுங்கள்.

செவித்திறன் பரிசோதனை செய்யவில்லை என்றால் ஒருமுறை செய்துவிடுங்கள். காதில் நீர் கோத்திருந்தாலோ சீழ் பிடித்திருந்தாலோ முதலில் அதைத்தான் கவனிக்க வேண்டும். எல்லாம் சரியாக இருக்கிறது என்று அறிக்கை வந்தால், அதை "அப்போ அடம்தான்" என்பதற்குச் சான்றாக மாமியார் எடுத்துக்கொள்ளக்கூடும். அந்தச் சோதனை எவ்வளவு மெல்லிய சத்தம் கேட்கிறது என்பதைத்தான் அளக்கும். பெரிய சத்தம் எவ்வளவு துன்புறுத்துகிறது என்பதை அளக்காது.