கடிதம்: குன்னூரில் முதலாண்டு

அன்புள்ள ஐயா,

என் மகள் கூடலூர் அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து தமிழ்வழியில் படித்தவள். இப்போது குன்னூரில் ஒரு சிறிய கிறிஸ்தவக் கல்லூரியில் பி.காம்., விடுதியில் தங்கியிருக்கிறாள். முதல் வாரமே போனில் அழுகை. பாடமெல்லாம் இங்கிலீஷ், காலையில் ஜெபம். நாங்கள் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். தாக்குப்பிடிப்பாளா?

ம., கூடலூர்

அன்புள்ள ம.,

ஜெபத்தை விடுங்கள். கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு வேதபாடம் நடக்கும் நேரத்தில் மற்றவர்களுக்கு நீதிபோதனை வைப்பது இந்தக் கல்லூரிகளில் வழக்கம். சம்மதமில்லாதவரை வழிபாட்டில் உட்காரவைக்க அரசியல் சட்டத்தின் 28(3) பிரிவும் இடம் தராது.

இங்கிலீஷ் பயம் பாதி சொல் பயம்தான். அவள் பதினொன்றில் போட்ட அதே கணக்குகள்தான் முதல் செமஸ்டரில் திரும்ப வருகின்றன. பற்று அங்கே டெபிட், வரவு கிரெடிட், பேரேடு லெட்ஜர், இருப்பாய்வு டிரையல் பேலன்ஸ், தேய்மானம் டிப்ரிசியேஷன். நோட்டின் கடைசிப் பக்கத்தில் நடுவே ஒரு கோடு, இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் இங்கிலீஷ். ஐம்பது சொல் சேர்ந்தால் கணக்குப் பாடம் அவள் கைக்குள் வந்துவிடும். தியரித் தாள்தான் இழுக்கும். அதற்கு வாரம் ஒரு பதிலையாவது எழுதி ஆசிரியரிடம் காட்டித் திருத்தி வாங்க வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்குக் கவலை: வருகைப்பதிவு. செமஸ்டருக்கு 90 வேலைநாள், 75 சதவீதம் வேண்டும். அதாவது 68 நாள். கையில் மிச்சம் 22. நிறையத் தோன்றும். ஆனால் மழைக்கு ஆட்சியர் கூடலூர், பந்தலூர் தாலுகாவுக்கு மட்டும் விடுமுறை விட்டால் குன்னூரில் வகுப்பு நடக்கும். விடுமுறை கல்லூரி இருக்கும் ஊருக்குத்தான், மாணவி வீட்டுக்கு அல்ல. சனி, ஞாயிறுக்கு வீட்டுக்கு வந்தவள் திங்களன்று வழியில் நடுவட்டம் பக்கம் மரம் விழுந்து பஸ் நின்றால், அந்த நாள் போச்சு. காய்ச்சலுக்கு நான்கு, திருவிழாவுக்கு மூன்று என்று நவம்பர் தேர்வுக்குள் 22 கரைந்துவிடும். மழை மாதங்களில் வாரா வாரம் வரவழைக்காதீர்கள். வந்தால் ஞாயிறு மதியமே கிளப்பிவிடுங்கள்.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்ததால், தமிழக அரசின் புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் அவளுக்கு உண்டு. விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான். வங்கிக் கணக்கு அவள் பெயரிலேயே, ஆதார் இணைத்து இருக்க வேண்டும். உங்கள் கணக்கு எண்ணைக் கொடுத்தனுப்பாதீர்கள்.