முதல் ரோடு சைக்கிள்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: 30,000 ரூபாய்க்குள் ரோடு சைக்கிள் வாங்க விரும்புகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?
- வாசகர், கோயம்புத்தூர்

பதில்: முதலில் ஃபிரேமின் அளவைக் கவனியுங்கள், உங்கள் உயரத்துக்கும் கால் நீளத்துக்கும் பொருந்தாத சைக்கிள், எவ்வளவு தள்ளுபடியில் கிடைத்தாலும் வேண்டாம். அலுமினிய ஃபிரேமும், பின்புறம் 7 பல்சக்கரங்கள் கொண்ட ஷிமானோ நிறுவனத்தின் டூர்னி கியரும் தொடக்கத்துக்குப் போதுமானவை. அதே நிறுவனத்தின், 8 பல்சக்கரங்களுடைய கிளாரிஸ் கியர் அமைந்தால் இன்னும் நல்லது. ஆனால், கியர் மாற்றும் விசை பிரேக் பிடியோடு சேர்ந்தே இருப்பது அவசியம் என்பேன். அப்படி இருந்தால், மேடேறும்போது ஹேண்டில்பாரிலிருந்து கையை எடுக்க நேராது. ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் கவை) கார்பனால் ஆனதாக இல்லையே என்று வருந்த வேண்டாம். குண்டும் குழியுமான சாலைகளுக்கு 25 மி.மீ. டயரைவிட 28 அல்லது 32 மி.மீ. டயரே உகந்தது என்பதால், அந்த அகலத்துக்கு ஃபிரேமிலும் ஃபோர்க்கிலும் இடமிருக்கிறதா என்று கடையிலேயே கேட்டுவிடுங்கள். ஹெல்மெட், பம்ப், உதிரி டியூப், விளக்கு ஆகியவற்றுக்கான தொகையையும் அந்த 30,000 ரூபாய்க்குள்ளேயே ஒதுக்குங்கள்.