சர்க்கஸில் அந்தரத்தில் தொங்கும் பார் விளையாட்டுக்காரர்களைக் கரியில் வேகமாக வரைவது எப்படி?

முகத்தில் தொடங்கினால் அது முடிவதற்குள் ஆள் அடுத்த பாருக்குத் தாவிவிடுகிறார் என்கிறீர்கள். முகத்தை விடுங்கள். பிடியில் தொடங்குங்கள். நிற்பவரின் எடை பாதத்தில் இறங்கும். தொங்குபவரின் எடையைத் தாங்குவது கை. அதனால் தோள் காதுவரை ஏறும், விலா நீளும், வயிறு ஒட்டும். மணிக்கட்டிலிருந்து கால் விரல்வரை ஒரே கோடு, அப்புறம்தான் மற்றதெல்லாம்.

ஊசல்போல் ஆடும் பார் இரு முனையிலும் ஒரு கணம் நின்றுதான் திரும்பும். பார்க்க வேண்டிய நேரம் அதுதான். ஆள் மறுபடி அதே நிலைக்கு வருவார். ஒரே தாளில் நாலைந்து அரைகுறைப் படங்களைத் தொடங்கி, வரும்போதெல்லாம் கொஞ்சம் சேருங்கள்.

கரிக்குச்சியை இரண்டு அங்குலத்துக்கு ஒடித்துப் படுக்கவைத்துத் தேயுங்கள். ஒரே இழுப்பில் முதுகு வந்துவிடும். பாருக்குப் பதிலாக நீளத் துணியைப் பிடித்துத் தொங்குபவர் என்றால், பிடிக்கு மேலே துணி விறைப்பாக, கீழே தொளதொளவென்று. இந்த வித்தியாசம் இல்லாவிட்டால் ஆள் மிதப்பதுபோல் இருக்கும் (என் பழைய நோட்டு முழுக்க மிதக்கும் ஆட்கள்தான்).

பாரிஸின் ஃபெர்னாண்டோ சர்க்கஸில் பல்லால் கயிற்றைக் கவ்வித் தொங்கிய மிஸ் லா லாவை 1879 ஜனவரியில் பிரெஞ்சு ஓவியர் எட்கர் தெகா பலமுறை போய்ப் பார்த்து வரைந்தார். ஓவியம் இப்போது லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. நீங்களும் ஒரே காட்சிக்கு இரண்டாம் முறை டிக்கெட் எடுங்கள்.